ஆன்லைனில் பாலியல், உறவு தெரபி: நம்மை நாமாகவே ஏற்கும் தெரபிஸ்ட்டைச் சிங்கப்பூரிலிருந்து தேடுவது எப்படி

கூகுளில் 'செக்ஸ் தெரபி சிங்கப்பூர்' என்று தட்டிப் பாருங்கள். மாத்திரை விற்கும் கிளினிக், தாந்திரிக மசாஜ், வாழ்க்கைப் பயிற்சியாளர், முறையாகப் படித்த தெரபிஸ்ட் எல்லாரும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். முகப்பை வைத்துப் பிரித்தறிய முடியாது. வானவில் கொடியைப் போட்டுவிட்டால் நம்பிவிடலாம் என்பதும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் விசாரிப்பதுதான் இதில் பாதி வேலை. அதை விட்டவர்கள், மூன்றாவது செஷனில் "இதெல்லாம் ஒரு கட்டம்தான், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்ற அறிவுரையை 200 வெள்ளி கொடுத்துக் கேட்டுவிட்டு வருகிறார்கள். அத்தை இலவசமாகவே சொல்லியிருப்பார்.

ஏற்கும் தெரபிஸ்ட் என்று இங்கே சொல்வது, உங்கள் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ உறவின் வடிவத்தையோ நோயாகப் பார்க்காமல், நீங்கள் கொண்டுவந்த சிக்கலை மட்டும் பார்ப்பவரை. தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரை (பொதுவாகப் பால்புதுமையர் என்பார்கள்) மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஆண், பெண் தம்பதிக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

1. உடம்பா, உறவா, ஆபத்தா: முதலில் பிரியுங்கள்

விறைப்பு வராமல் போவது, உறவின்போது வலி, ஆசை திடீரென்று வற்றிப்போவது ஆகியவற்றுக்கு உடல் காரணம் இருக்கலாம். நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் ரத்தக் குழாய்களைக் கெடுத்து விறைப்பைக் குறைக்கும். சில சமயம் இதய நோயின் முன்னறிகுறியே அதுதான். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் பல ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றவோ வேறு மருந்து தரவோ வழி உண்டு. பெண்களுக்கு வரும் வலிக்குத் தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), இடுப்புத்தள தசை இறுக்கம் என்று பல காரணங்கள். இதில் தசை இறுக்கத்துக்குப் பிசியோதெரபி நன்றாகவே வேலை செய்யும்.

ஆகவே உடல் அறிகுறி இருந்தால் பலதுறை மருந்தகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தேவைப்பட்டால் தைராய்டு, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் போதும். டெஸ்டோஸ்டிரோனைக் காலையில்தான் எடுக்க வேண்டும்; மாலையில் அளவு தானாகவே இறங்கியிருக்கும் என்பதால் அந்த முடிவு குழப்பும். நிபுணரைப் பார்க்க வேண்டியிருந்தால் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள். அந்தக் கடிதம் இருந்தால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும். நேராகத் தனியார் வரிசையில் நின்றுவிட்டுப் பிறகு மானியம் கேட்பது சிரமம்.

இதற்காக தெரபியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கட்டும். உடல் காரணமே இருந்தாலும், அதையொட்டி இருவருக்குள் வளர்ந்துவிட்ட பயமும் தவிர்ப்பும் மாத்திரையால் போகாது.

வீட்டில் அடி, மிரட்டல், கட்டாய உறவு இருந்தால் ஜோடி தெரபி வேண்டாம். செஷனில் உண்மையைச் சொன்னதற்கு இரவு வீட்டில் பதில் கிடைக்கும். தனியாக உதவி தேடுங்கள்: வன்முறை, பாலியல் தொல்லைக்கான தேசிய உதவி எண் 1800 777 0000, 24 மணி நேரமும் இயங்கும். இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கட்டும். மகளிர் சாசனத்தின் பாதுகாப்பு உத்தரவு குடும்ப உறுப்பினர்களுக்குத்தான். மணமாகாத துணை, தன்பாலினத் துணை என்றால் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் வழியே உத்தரவு கேட்கலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தெரபிஸ்ட்டின் அப்பாயிண்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767, தேசிய மைண்ட்லைன் 1771, மனநலக் கழகம் 6389 2222, ஆம்புலன்ஸ் 995.

2. பட்டத்தை விடுங்கள், பதிவைப் பாருங்கள்

கவுன்சலர், தெரபிஸ்ட், செக்ஸ் தெரபிஸ்ட், கோச் ஆகிய பட்டங்களைச் சிங்கப்பூரில் யார் வேண்டுமானாலும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்தவரும் போடுகிறார், முதுகலை முடித்துப் பல ஆண்டு மேற்பார்வையில் வேலை பார்த்தவரும் போடுகிறார். அதனால் எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்று தேடுங்கள்.

கவுன்சலர் என்றால் சிங்கப்பூர் அசோசியேஷன் ஃபார் கவுன்சலிங் வைத்திருக்கும் பதிவேடு. உளவியலாளர் என்றால் சிங்கப்பூர் சைக்கலாஜிக்கல் சொசைட்டியின் பதிவேடு. மனநல மருத்துவர் டாக்டர் என்பதால் சிங்கப்பூர் மருத்துவ மன்றப் பதிவு கட்டாயம். மூன்றையும் இணையத்தில் பெயர் போட்டுத் தேடலாம், இரண்டு நிமிட வேலை. பதிவு எண் கேட்டு, அதே எண் பட்டியலில் அதே பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 'உறுப்பினர்' என்பதும் 'பதிவு பெற்றவர்' என்பதும் ஒன்றல்ல. உறுப்பினர் ஆவதற்கான தகுதி பதிவுக்குரியதைவிடக் குறைவாக இருக்கலாம். இணையப் பக்கத்தின் கீழே சங்கத்தின் முத்திரையை மட்டும் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பதிவெண் இருந்தால் பாலியல் தெரபி தெரியும் என்று அர்த்தமில்லை. அது தனிப் பயிற்சி. அமெரிக்காவின் ஆசெக்ட் அமைப்பின் செக்ஸ் தெரபிஸ்ட் சான்றிதழ், பிரிட்டனின் பாலியல், உறவுச் சிகிச்சையாளர்களுக்கான கல்லூரியின் பதிவு, ஆஸ்திரேலிய செக்ஸாலஜிஸ்ட் சங்கத்தின் அங்கீகாரம் ஆகியவை நம்பத்தக்க அடையாளங்கள். ஆசெக்ட் சான்றிதழுக்கு மட்டும் 300 மணி நேர மேற்பார்வையிலான சிகிச்சை அனுபவம் கேட்கிறார்கள். இவை இல்லாமலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "எங்கே படித்தீர்கள், இப்போது யார் உங்கள் சூப்பர்வைசர்?" என்று கேளுங்கள். சூப்பர்வைசரே இல்லை என்பவரிடம் பாலியல் சிக்கலைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

எந்தப் பயிற்சி பெற்றவராக இருந்தாலும் ஒரு விதி மாறாது: பாலியல் தெரபி வாய்ப்பேச்சுதான். தெரபிஸ்ட் தொடமாட்டார். கேமரா முன் உடை களையச் சொல்லமாட்டார், படம் அனுப்பச் சொல்லமாட்டார், தன் பாலுறவு அனுபவத்தை விவரிக்கமாட்டார். இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள், விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது? பால்புதுமையருக்கான ஆலோசனையில் 1999 முதல் இயங்கும் ஊகாச்சாகா இங்கே முதல் நிறுத்தம். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் ஆலோசனை தருகிறார்கள், தனியே நேர ஒதுக்கீட்டுடன் கட்டணக் கவுன்சலிங்கும் உண்டு. திருநர்களுக்கு டி புராஜெக்ட். பெண்களுக்கு அவேர் அமைப்பின் கவுன்சலிங், பாலியல் வன்முறை அனுபவம் இருந்தால் அதே அமைப்பின் தனி மையம். இவர்கள் எல்லாருமே செக்ஸ் தெரபி செய்பவர்கள் அல்லர். ஆனால் யாரிடம் போகலாம் என்று கேட்டால் அனுபவத்தோடு பதில் சொல்வார்கள்.

3. தமிழில்தான் பேச வேண்டும் என்றால்

சிங்கப்பூரில் தமிழ் பேசி, பாலியல் தெரபி படித்து, ஏற்கும் மனமும் உள்ளவர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வேறொரு சிக்கல் வரும்: நம் வட்டம் சின்னது. தெரபிஸ்ட்டின் கணவர் உங்கள் சித்தப்பாவோடு கோயில் கமிட்டியில் இருப்பார். தெரபிஸ்ட் ரகசியத்தைக் காப்பாற்றுவார்தான். ஆனால் அவரைத் தைப்பூசத்தில் பார்க்க நேரும் என்ற நினைப்பே உங்கள் வாயை அடைத்துவிடும். அதனால் முதல் மின்னஞ்சலில் முழுப்பெயர் தராதீர்கள். உங்கள் பள்ளி, பேட்டை, குடும்பம் போகும் கோயில் அல்லது தேவாலயம் ஆகியவற்றை மட்டும் சொல்லி, பொதுவாகத் தெரிந்தவர்கள் இருக்க வாய்ப்புண்டா என்று கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் இந்தக் கேள்வியை வரவேற்பார்.

இன்னொரு வழி, தமிழ்நாட்டிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆன்லைனில் பார்ப்பவர். சென்னையின் ஓரினம் குழு பால்புதுமையருக்கு இணக்கமான மனநல ஆலோசகர்கள் பற்றிய தகவல்களை வைத்திருக்கிறது. மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் நடத்தும் பால்புதுமையரை ஏற்கும் கவுன்சலிங் பயிற்சியை முடித்தவரா என்று கேட்பது நல்ல வடிகட்டி. மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு இருக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் பாலீர்ப்பை 'மாற்றும்' முயற்சிகளைத் தடைசெய்தது. இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இங்கே அப்படித் தனிச் சட்டத் தடை கிடையாது. ஆகவே நான்காம் படியில் வரும் கேள்விகள் சிங்கப்பூர் தெரபிஸ்ட்டிடம்தான் இன்னும் அவசியம்.

இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். அங்கே மாலை 6.30 என்றால் இங்கே இரவு 9. வேலை முடிந்து சாப்பிட்டபின் உட்கார வசதிதான். ஆனால் அவசரம் என்றால் சென்னையிலிருந்து அவரால் இங்கே ஆம்புலன்ஸ் அனுப்ப முடியாது. உள்ளூர் உதவி எண்களை முதல் செஷனிலேயே அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்கத் தெரபிஸ்ட்டைத் தேடுகிறவர்களுக்கு: அங்கே உரிமம் மாநில வாரியானது, வெளிநாட்டில் இருப்பவரைப் பலர் எடுக்கவே மாட்டார்கள். அழகான இணையப் பக்கத்தில் மணிக்கணக்காகப் படிவம் நிரப்புவதற்கு முன் "சிங்கப்பூரில் இருக்கிறேன், எடுப்பீர்களா?" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

சிங்கப்பூர்த் தெரபிஸ்ட்டோடு ஆங்கிலத்தில் பேசுவதும் மோசமில்லை. உடலைப் பற்றித் தமிழில் பேசக் கூச்சப்படும் பலருக்கு ஆங்கிலம்தான் வாய்க்கு வருகிறது. அம்மா சொன்னதைச் சொல்லும்போது மட்டும் தமிழுக்குத் தாவிவிட்டு, பிறகு விளக்கினால் போதும்.

4. பதினைந்து நிமிட அறிமுக அழைப்பு

பலர் 15 நிமிடம் கட்டணமில்லாமல் பேசுவார்கள். இல்லாதவர்களிடம் மின்னஞ்சலில் கேட்கலாம். முதல் மின்னஞ்சல் நாலு வரி போதும்:

"வணக்கம். நானும் என் துணையும் (இருவரும் பெண்கள், 30 வயதுக்கு மேல்) சுமார் ஓராண்டாக நெருக்கம் குறைந்து சிரமப்படுகிறோம். ஆன்லைனில், வார நாள் இரவு 8 மணிக்குப் பிறகு நேரம் வேண்டும். தன்பாலின ஜோடிகளோடு பாலியல் தெரபி செய்த அனுபவம் உண்டா? கட்டணம், வரி, ரத்து விதி ஆகியவற்றையும் தெரிவியுங்கள்."

முழுக்கதையை இதில் கொட்டாதீர்கள். யார் யார் படிக்கிறார்கள் என்று தெரியாது. பெரிய கிளினிக்கில் முன்மேசை ஊழியர்தான் முதலில் திறப்பார்.

அழைப்பில் கேட்க வேண்டியவற்றில் முதலாவது இது: "தன் பாலீர்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள்?" சரியான பதில் நேராக இருக்கும்: "மாற்ற முயலமாட்டேன், அதற்கு ஆதாரம் இல்லை, தீங்கு உண்டு. அந்த ஆசை எங்கிருந்து வருகிறது, வீட்டின் அழுத்தமா, நம்பிக்கையா என்று பேசுவோம்." எச்சரிக்கையான பதில் வழவழவென்று இருக்கும்: "வாடிக்கையாளரின் இலக்கைப் பொறுத்தது", "இரண்டு பக்கமும் பார்ப்போம்", "நான் யாரையும் நியாயம் தீர்க்கமாட்டேன்." கடைசி வாக்கியம் கேட்க இனிக்கும், ஆனால் அது நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை.

அடுத்து, நிறுவனம் சமயப் பின்னணி கொண்டதா என்று கேளுங்கள். இங்கே பல சமூக சேவை அமைப்புகளைச் சமய நிறுவனங்கள் நடத்துகின்றன. அதனால் மட்டும் அவை தவறில்லை. அங்கே நல்ல கவுன்சலர்கள் இருக்கிறார்கள். ஆனால் அமைப்பின் கொள்கை உங்கள் உறவைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஜோடியாகப் போகிறவர்கள் ரகசியக் கொள்கையைக் கேட்டே ஆகவேண்டும். பெரும்பாலும் முதலில் இருவரும் சேர்ந்து ஒரு செஷன், பிறகு ஆளுக்கொரு தனி செஷன், அதன்பின் மீண்டும் சேர்ந்து என்று போகும். தனி செஷனில் நீங்கள் சொன்ன ஒன்றைத் தெரபிஸ்ட் துணையிடம் மறைத்து வைப்பாரா, மாட்டாரா? 'ரகசியம் வைக்கமாட்டேன்' என்ற கொள்கை உள்ளவரிடம் வேறொரு உறவைப் பற்றி வாய்தவறிச் சொன்னால், அதைத் துணையிடம் நீங்களே சொல்லும்படி அவர் வற்புறுத்துவார், அல்லது ஜோடி தெரபியை நிறுத்துவார். இரண்டு கொள்கையிலும் நியாயம் உண்டு. தெரியாமல் மாட்டிக்கொள்வதுதான் பிரச்சினை.

ஏற்கும் தெரபிஸ்ட் என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் என்று எதிர்பார்க்காதீர்கள். துணையை நீங்கள் நடத்தும் விதத்தை அவர் கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும்.

5. செலவு

ஊர் நிலவரம் தோராயமாக இப்படி: தனியார் கவுன்சலரிடம் ஒரு மணிக்கு 100 முதல் 200 வெள்ளி, உளவியலாளரிடம் 150 முதல் 300 வெள்ளி அல்லது மேலே. ஜோடி செஷன் 75 முதல் 90 நிமிடம், கட்டணமும் அதற்கேற்ப ஏறும். ஆன்லைன் என்பதற்காகப் பெரும்பாலும் குறைப்பதில்லை. மேற்பார்வையில் பயிலும் முதுகலை மாணவர்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள். பொதுவான உறவுச் சிக்கலுக்கு இது நல்ல வழி, வலி அல்லது வன்முறை அனுபவம் சார்ந்த சிக்கலுக்கு வேண்டாம்.

பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேருமா என்று கேளுங்கள். 250 வெள்ளி ஜோடி செஷன் வரியோடு 272.50 ஆகும். பத்து செஷன் என்றால் 2,725 வெள்ளி. தொடங்கும்போதே ஆறு செஷனுக்குக் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றோடு நிறுத்தினால் மதிப்பீடு முடிந்து, வேலை தொடங்கும் இடத்தில் கைவிட்டதாகும். வாரம் ஒரு முறை கட்டுப்படியாகாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம்.

தனியார் கவுன்சலிங்குக்கு மெடிசேவ் உதவாது. வருமானத்துக்கேற்ற சலுகைக் கட்டணம் சிலரிடம் இருக்கும், ஆனால் இணையத்தில் போடமாட்டார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பத்து செஷன் பேக்கேஜ் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்றாவதில் ஒத்துவராவிட்டால் பணத்தைத் திரும்பப் பெற அலைய வேண்டும். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் பயனீட்டாளர் சங்கத்திடமோ, 20,000 வெள்ளி வரையான தகராறுகளைப் பார்க்கும் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்திடமோ போகலாம். ரத்து விதி 24 அல்லது 48 மணி நேரம். அதற்குப் பின் ரத்து செய்தால் முழுக் கட்டணம். ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் 24 மணி விதி உள்ளவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கம்பெனியின் ஊழியர் உதவித் திட்டத்தில் சில செஷன்கள் இலவசமாகக் கிடைக்கலாம். அங்கே ஒரு கேள்வி கேட்டே தீர வேண்டும்: மனிதவளத் துறைக்கு என்ன தகவல் போகும், வெறும் எண்ணிக்கையா, பெயரா? 2025இல் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் மனநலப் பிரச்சினையை ஒரு பாதுகாக்கப்பட்ட அம்சமாகச் சேர்த்தது. பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் சேர்க்கவில்லை. பதில் தெளிவாக இல்லை என்றால் சொந்தப் பணத்தில் போவதே மேல்.

6. படிவங்களும் ஆவணங்களும்

பதிவு உறுதியானதும் இரண்டு படிவம் வரும், ஒன்று உங்களைப் பற்றியது, இன்னொன்று சம்மதம். தயாராக வைத்துக்கொள்ளுங்கள்:

- இப்போது சாப்பிடும் மருந்துகளின் பெயர், அளவு, தொடங்கிய மாதம். மாத்திரை அட்டையைப் படம் எடுத்தாலே போதும்.
- ரத்தப் பரிசோதனை முடிவு. அரசு மருத்துவமனை, பலதுறை மருந்தக முடிவுகள் ஹெல்த்ஹப் செயலியில் இருக்கும், தேவையான பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.
- முன்பு பார்த்த தெரபிஸ்ட்டின் சுருக்கக் கடிதம், இருந்தால்.
- செஷன் நேரத்தில் நீங்கள் இருக்கும் முகவரி. ஒவ்வொரு முறையும் கேட்பார்கள், ஏதாவது ஆனால் ஆள் அனுப்புவதற்காக.

அடையாள அட்டை எண்ணைப் பற்றி: 2019 செப்டம்பர் முதல் நிறுவனங்கள் தேவையில்லாமல் அதைச் சேகரிக்கக் கூடாது. கவுன்சலர் முழு எண் கேட்டால் காரணம் கேளுங்கள்.

படிவத்தில் பலர் சறுக்கும் இடம் 'அவசரத் தொடர்பு'. பழக்க தோஷத்தில் அம்மாவின் எண்ணைப் போட்டுவிடுகிறோம். அவசரம் என்றால் அவரைத்தான் அழைப்பார்கள், யார் பேசுகிறேன் என்றும் சொல்வார்கள். உங்களைப் பற்றி ஏற்கெனவே தெரிந்த நண்பரையோ உடன்பிறப்பையோ போடுங்கள், அவரிடம் முன்கூட்டிச் சொல்லியும் வையுங்கள். "என் பாலீர்ப்பு, தெரபியின் காரணம் இரண்டையும் இவரிடம் சொல்ல வேண்டாம்" என்று படிவத்திலேயே எழுதலாம்.

சம்மதப் படிவத்தில் ரகசியம் எப்போது உடையும் என்று இருக்கும்: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு. ஆணோடு உறவு வைத்திருப்பதாக ஒரு ஆண் சொன்னால் போலீசுக்குப் போகுமோ என்ற பழைய பயம் இன்னும் சிலருக்கு உண்டு. தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு 2023 ஜனவரி 3 முதல் இல்லை. வயதுவந்த இருவர் சம்மதத்தோடு இருப்பது குற்றமல்ல.

அரசு மருத்துவமனைப் பதிவுகள் தேசிய மின்னியல் மருத்துவப் பதிவில் சேரும். வேலைக்கோ காப்புறுதிக்கோ ஒருவரை எடைபோட அதைத் திறக்க அனுமதி இல்லை. தனியார் கவுன்சலரின் குறிப்புகள் அவரிடமே இருக்கும், ஆகவே எங்கே, எத்தனை ஆண்டு வைத்திருக்கிறார் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். ஹார்மோன் சிகிச்சைக்குக் கடிதம் தேவைப்படும் திருநர்கள், அதை யார் எழுதினால் உங்கள் மருத்துவர் ஏற்பார் என்று முதலில் கேளுங்கள். வழக்கமாக மனநல மருத்துவரின் மதிப்பீடுதான் கேட்கப்படும், கவுன்சலரிடம் பத்து செஷன் முடித்தபின் இதை அறிவது வீண் செலவு.

7. வீவக வீட்டில் தனிமை

ஒற்றையர் வீவக வீடு வாங்க 35 வயதாக வேண்டும். தன்பாலின ஜோடிகளும் அந்த வரிசையில்தான் வருகிறார்கள். அதுவரை பெற்றோர் வீடு அல்லது வாடகை அறை; இரண்டிலும் சுவருக்குக் காது உண்டு.

இயர்போன் கட்டாயம். அது தெரபிஸ்ட்டின் குரலைத்தான் மறைக்கும், உங்கள் குரலை அல்ல. மின்விசிறியைக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து வேகமாகச் சுழல விட்டால் பேச்சு வெளியே கலங்கலாகக் கேட்கும். கதவுக்கு வெளியே ஒரு போனில் மழைச் சத்தம் ஓடவிடுவதும் உதவும். வீட்டில் முடியவே முடியாது என்றால், மால்களில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் தனி பூத், நண்பரின் அறை, நிறுத்திய கார். பல மாடிக் கார்நிறுத்தத்தின் மேல்தளம் அமைதியாக இருக்கும், சிக்னல் எப்படி என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். வெற்றுத்தளம் வேண்டாம். தங்குவிடுதியில் இருக்கும் ஊழியர்களுக்கு வீடியோ நடைமுறையில் கஷ்டம். எழுத்தில் நடக்கும் செஷன் உண்டா என்று கேளுங்கள்.

தெரபிஸ்ட்டோடு ஒரு மறைவாக்கியம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அந்த ரிப்போர்ட்டை நாளைக்கு அனுப்பிடறேன்" என்று நீங்கள் சொன்னால் யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவர் அலுவலகப் பேச்சாக மாற்றிவிடுவார் அல்லது துண்டித்துவிடுவார்.

ஆட்களைவிடக் கருவிகள்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். தெரபிஸ்ட் அனுப்பும் காலண்டர் அழைப்பு வரவேற்பறை ஐபேடில் தலைப்போடு மின்னும். தனி மின்னஞ்சல் தொடங்கி, காலண்டர் அழைப்பே வேண்டாம் என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப் வீட்டுக் கணினியில் இணைந்திருக்கிறதா என்று இணைந்த சாதனங்கள் பகுதியில் பாருங்கள். பேநவ் செய்தால் நிறுவனத்தின் பதிவுப்பெயர் வங்கிப் பட்டியலில் வரும். கூட்டுக் கணக்கிலிருந்து கட்டாதீர்கள்.

8. முதல் சில வாரங்கள்

மாலை 7 மணிக்குப் பிந்திய நேரமும் சனிக்கிழமையும்தான் முதலில் நிரம்பும். அந்த நேரம் வேண்டுமென்றால் சில வாரக் காத்திருப்பை எதிர்பாருங்கள். பகலில் வர முடிந்தால் சீக்கிரம் கிடைக்கும்.

முதல் இரண்டு, மூன்று செஷன் கேள்விகளாகவே போகும்: சிக்கல் எப்போது தொடங்கியது, தனியாக இருக்கும்போதும் உண்டா, வீட்டில் பாலியல் பற்றி என்ன சொல்லி வளர்த்தார்கள். தனியாக இருக்கும்போது விறைப்பு சரியாக இருந்து, துணையோடு மட்டும் போய்விடுகிறது என்றால் அது முக்கியமான தகவல். கூச்சத்தில் மறைக்காதீர்கள்.

பிறகு வீட்டுப் பயிற்சி வரும். அதிகம் தரப்படுவது மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் வடிவமைத்த தொடுகைப் பயிற்சி. வாரம் இரண்டு முறை, ஒருவர் மற்றவரை 15 முதல் 20 நிமிடம் தொடுவார், பிறகு மாறிக்கொள்வார்கள். முதல் கட்டத்தில் மார்பையும் பிறப்புறுப்பையும் தொடக் கூடாது. உறவு அறவே கூடாது, மனம் வந்தாலும் கூடாது. இந்தத் தடைதான் மருந்து: 'இது எங்கே போய் முடியுமோ' என்ற பரீட்சைப் பயம் போனால்தான் உடம்பு உணரத் தொடங்கும். பலர் கெடுப்பது இந்த இடத்தில். இரண்டாவது முறை நன்றாக இருந்ததே என்று தடையை மீறுவார்கள், அன்று சரிவராவிட்டால் பழைய பயம் இரட்டிப்பாகத் திரும்பும். மீறிவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டமாட்டார், கட்டத்தைப் பின்னுக்கு நகர்த்துவார்.

மாமியார் வீட்டில் இருக்க, வாரம் இரண்டு முறை எப்படி என்று கேட்கிறீர்களா? அதையும் தெரபிஸ்ட்டிடமே கேளுங்கள். உடையோடு, கையும் தோளும் மட்டும், கதவைத் தாழிட்டுப் பத்து நிமிடம் என்று குறைத்துக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை மாலை மாமியார் சிராங்கூன் ரோடு கோயிலுக்குப் போய்வரும் நேரத்தைக் காலண்டரில் குறித்துக்கொள்ளும் ஜோடிகள் உண்டு.

9. ஒத்துவரவில்லை என்றால்

ஆறாவது செஷனில் நிறுத்தி, எது மாறியது என்று இருவரும் தெரபிஸ்ட்டும் சேர்ந்து பாருங்கள். ஒன்றுமே அசையவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். முறையை மாற்றலாம், உடல் பரிசோதனைக்குத் திரும்ப அனுப்பலாம், வேறொருவரைப் பரிந்துரைக்கலாம். செஷனுக்குச் செஷன் தன்பாலின உறவு என்றால் என்னவென்று நீங்களே பாடம் எடுத்துக்கொண்டிருந்தால், ஆறு வரை காத்திருக்காமல் மாறிவிடுங்கள். அவர் படிப்பதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நடத்தை தவறு என்றால் அவர் பதிவு பெற்ற சங்கத்தின் நெறிமுறைக் குழுவுக்குப் புகார் செய்யலாம், டாக்டர் என்றால் மருத்துவ மன்றத்துக்கு. பதிவே இல்லாதவர் மீது புகார் செய்ய அப்படி ஓர் இடமில்லை. செஷன் தேதிகள், ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை அழிக்காதீர்கள்.

விலகும்போது சுருக்கக் கடிதம் கேளுங்கள்: எத்தனை செஷன், எந்தச் சிக்கல், எந்தப் பயிற்சி வரை வந்தது. ஒரு பக்கம் போதும். சிலர் இதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள், முன்பே விசாரியுங்கள். தர மறுத்தால், தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உங்களைப் பற்றி அவர் வைத்திருக்கும் தகவலைப் பார்க்கக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும், முடியாவிட்டால் எப்போது தருவார் என்றாவது எழுத்தில் சொல்ல வேண்டும். ஜோடி செஷன் குறிப்பு என்றால் துணையைப் பற்றிய பகுதியை மறைத்துத்தான் தருவார்கள், அதனால் இருவரும் சேர்ந்து ஒரே மின்னஞ்சலில் கேட்பது வேலையைச் சுலபமாக்கும்.